குழாயில் கட்டிய வயர்

வாடகை வீட்டில் பொருள்கள் தானாகக் கெட்டுப்போவது கம்மி. இத்தனை வருஷம் மிக்சி, ஃபேன், கிரைண்டர், மோட்டார் என்று பிரித்து மாட்டியதில் எனக்குத் தெரிந்தது அதுதான். ஜாரின் அடியில் பிளேடு தேய்ந்திருந்தால் அரைத்துத் தேய்ந்தது. ஜாரின் பக்கவாட்டில் குழி விழுந்திருந்தால் அது சுவரில் பட்டது, இல்லாவிட்டால் சுவரோரம் நின்ற ஆளின்மேல் பட்டது. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒன்றுபோலத்தான் சொல்வார்கள். "கை தவறி வுழுந்துடுச்சுங்க." நான் தலையை ஆட்டிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுப்பேன். யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச எனக்கு வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றதற்கும் அதுதான் காரணம். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்று பிரம்படி வாங்குவேன்.

கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் ஒருவர் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். நைனார்பாளையத்துப் பக்கம் நிலத்தை விற்றுவிட்டு வந்தவர். ஒரே சுவர் போட்டு ஒட்டினாற்போல வீடுகள், முன்னால் நீளமாக ஒரு வாசல், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அந்த மீட்டரும் மோட்டார் சுவிட்சும் தெருப்பக்கம் இருந்த அவருடைய வீட்டுக்குள் இருந்தன. எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

அவருடைய சட்டம் கடுமையானது. இஸ்திரிப் பெட்டி கூடாது, கரண்ட் அடுப்பு கூடாது, தண்ணீர் சுட வைக்கிற ராடு கூடாது. சுவர் கரி பிடிக்கும் என்று விறகும் கூடாது. திடீரென்று ஏதாவது ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பார். ஒருதரம் ஒரு தையல்காரர் வீட்டில் இஸ்திரிப் பெட்டி அகப்பட்டது. அதை வாசல் கல்லில் வைத்துக் கடப்பாரையால் குத்தினார். தடுக்க வந்த தையல்காரரின் விரலும் நசுங்கியது. நான் பின்னாலேயே நின்றிருந்தேன், என் கையில் ஓனர் வீட்டு ஃபேன் றெக்கை இருந்தது. "பாத்துக்கடா, நீ யாருக்காவது திருட்டு வயரு இழுத்துக் குடுத்தன்னு தெரிஞ்சுது, அடுத்தது உன் கைதான்" என்றார்.

கடைசி வீட்டில் வெள்ளிமலைப் பக்கமிருந்து இறங்கி வந்த குடும்பம் இருந்தது. புருஷன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். மனைவி, மூணு வயசில் ஒரு பெண் குழந்தை. லைன் முழுக்க அவரை 'மலைக்காரர்' என்பார்கள், ஓனர் மட்டும் 'மலைக்காரன்' என்பார். அந்த வீட்டு டேபிள் ஃபேன் என்னிடம் இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முன்பக்கக் கூண்டு உள்ளே அமுங்கி, றெக்கையில் இடித்துக்கொண்டு. கம்பிகளைக் குறடால் நிமிர்த்தித் தருவேன். ஒருதரம் கம்பி இடுக்கில் நீளமான தலைமுடி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டுக் கூண்டை மாட்டினேன். ஃபேனை வாங்க வந்த அந்த அம்மாவின் நெற்றியோரம் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

அந்த மார்கழியில் ஓனருக்கும் மலைக்காரருக்கும் முட்டிக்கொண்டது. காலி செய்யச் சொன்னார் ஓனர். தை பிறக்கட்டும் என்றார் மலைக்காரர். வாசலில் எல்லோரும் கேட்க ஓனர் சொன்னார்: "நீயா போவலன்னா போவ வெக்கத் தெரியும். மலையில பன்னிய வெரட்டறாப்புல வெரட்டுவேன்."

அந்தப் பேச்சுதான் பிறகு வினையானது. மலையில் தினையும் சாமையும் போட்ட கொல்லையைச் சுற்றிக் காட்டுப் பன்றிக்காகச் சிலர் கம்பி இழுத்து அதில் கரண்ட் விடுவார்கள். மலைக்காரரின் அண்ணன் அப்படி ஒரு கம்பியில் மாட்டித்தான் செத்தார். கூண்டு நிமிர்த்தக் கொண்டுவந்த ஒரு நாளில் அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். "விரலெல்லாம் கரிக்கட்டை மாதிரி இருந்துச்சுணா" என்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சண்டை நடந்து சில நாள் கழித்து, காலையில் மோட்டார் ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை என்று ஓனர் ஆள் அனுப்பினார். நான் அவர் வீட்டுக்குள் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு சத்தம் கேட்டது. கத்தல் இல்லை, குடம் உருண்ட சத்தம். அதற்குப் பிறகுதான் பெண்கள் கத்தினார்கள். "புள்ளைய புடிச்சிக்கிச்சு, குழாய்ல கரண்டு." என் கை தானாக மெயினை இறக்கியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மலைக்காரரின் குழந்தை சேற்றில் கிடந்தது. இழுக்கப்போன தாயும் ஒரு பக்கம் விழுந்து கிடந்தாள். பக்கத்துவீட்டு அம்மா குழந்தையைத் தூக்கி உள்ளங்காலைத் தேய்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது வீறிட்டு அழுதது. அழுதால் உயிர் இருக்கிறது என்று எல்லோரும் மூச்சு விட்டோம். உள்ளங்கை வெள்ளையாக வெந்து, தோல் சுருங்கியிருந்தது.

மலைக்காரர் அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து திரும்பினார். குழந்தையின் கையைப் பார்த்தார். வீட்டுக்குள் போய்க் கொடுவாளோடு வந்தார்.

ஓனர் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். "இன்னாடா சத்தம்" என்றதுதான் தெரியும். முதல் வீச்சைக் கையால் தடுத்தார், முன்கை பிளந்தது. புதுசாக அடித்த சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் வரிவரியாகத் தெறித்தது. அடுத்த உதையில் ஓனர் சுவரோரம் சரிந்தார். மலைக்காரர் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்தில் கொடுவாளை வைத்தார்.

"பன்னிக்கு வெக்கற கரண்ட எம்புள்ளைக்கு வெச்சியா? சொல்றா. வெச்சியா?"

"சத்தியமா நான் இல்லடா. இவனக் கேளு, கரண்டு வேலையெல்லாம் இவந்தான்" என்று ஓனர் என் பக்கம் கையைக் காட்டினார். கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

மலைக்காரர் திரும்பிப் பார்த்தார். "யோவ். எங்கிருந்து வருதுன்னு பாரு. இவன் வூட்டுலருந்து வந்துச்சுன்னா இங்கயே அறுத்துடுவேன். பாத்துட்டு வந்து சொல்லு."

நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். மாடியில் இருந்த தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் எல்லா வீட்டின் பின்சுவரையும் ஒட்டிப்போய் வாசல் குழாயில் முடிகிறது. கடைசி வீட்டு ஜன்னலுக்குக் கீழே அந்தக் குழாயில் மெல்லிய வயர் ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது. அதன் மறுமுனை ஜன்னல் வழியாக உள்ளே போனது. மலைக்காரரின் வீட்டுக்குள்.

உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் பிளாஸ்டிக் பக்கெட், அதில் தண்ணீர் சுட வைக்கிற ராடு. ராடின் ஒரு வயர் சுவிட்ச் போர்டில் செருகியிருந்தது, இன்னொன்று ஜன்னல் தாண்டிப் போயிருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. லைன் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஒரு வயரை மட்டும் போர்டில் செருகி, மற்றதை இரும்புக் குழாயில் கட்டிவிட்டால் மீட்டர் ஓடாது என்பார்கள். அது பொய், மீட்டர் ஓடத்தான் செய்யும். ஆனாலும் ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிச் சொல்லி எல்லோரும் அதை நம்பினார்கள். குழாய் மண்ணோடு சேர்ந்திருக்கிற வரைக்கும் ஆபத்து வெளியே தெரியாது, கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். அந்த வாரம்தான் ஓனர் புது மோட்டார் இறக்கியபோது, தொட்டிக் குழாயோடு சேர்ந்து மண்ணுக்குள் போகிற இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட வைத்திருந்தார். மேலே மிச்சமிருந்த இரும்புக்கு மண்ணோடு ஒட்டு இல்லாமல் போய்விட்டது. ராடு போட்டால் குழாய் முழுக்கக் கரண்ட் நிற்கும்.

பின்னாலேயே அந்த அம்மா வந்து நின்றாள். புடவையெல்லாம் சேறு.

"நாந்தாணா கட்னேன். புள்ளைக்குச் சளி, பச்சத்தண்ணி ஊத்த முடியல. பைப்புல கட்னா மீட்டரு ஓடாதுன்னு பக்கத்துவூட்டு அக்கா சொன்னாங்க. ரெண்டு நாளா தண்ணி சூடே ஆவல, ராடுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்." பிறகு வெளியே பார்த்தாள். "அவுருக்குத் தெரியாதுணா. தெரிஞ்சா இன்னிக்கு என்ன..."

மூலையில் அந்த டேபிள் ஃபேன் இருந்தது. நான் நிமிர்த்திய கூண்டு.

வயரைப் பிடுங்கிச் சுருட்டினேன். ராடை அப்படியே ஈரத்தோடு பைக்குள் போட்டு அழுக்குத் துணியால் மூடினேன். பக்கெட்டை ஓரமாகத் தள்ளினேன். வாசலுக்கு வருகிற வழியில் என்ன சொல்வது என்று யோசித்தேன். எலி கடித்த வயர் என்று சொல்லலாம். எவன் போட்ட வயர் என்று அடுத்த கேள்வி வரும். ஓனர் போட்டது என்றால் கொடுவாள் இறங்கிவிடும். உங்கள் வீட்டிலிருந்து வந்தது என்றால் அது திரும்பி அந்த அம்மாவின் மேல் வரும். இதையெல்லாம் விவரமாகப் பேசி ஆளைச் சமாதானம் செய்கிற வாய் எனக்கு இல்லை. இருந்ததிலேயே சின்னப் பேச்சு ஒன்றுதான்.

"இன்னாயா, எங்கிருந்து வருது?" என்றார் மலைக்காரர்.

"பழைய வயரு. செவுத்துல. எலி கடிச்சு குழாய்ல பட்டுகினு இருக்குது."

"எவன் போட்டது?"

"நான்தான்."

அவர் எழுந்த வேகத்தில் எனக்குப் பின்வாங்கக்கூட முடியவில்லை. கொடுவாளைத் திருப்பிப் பின்பக்கத்தால் அடித்தார். அப்போதுகூடத் திருப்பிப் பிடிக்கத் தோன்றியதே என்று பிற்பாடு நினைத்துக்கொள்வேன். வலது பக்கக் காறை எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. விழுந்தேன். வாயில் உதை விழுந்தது. பல்லும் ரத்தமும் சேறும் ஒன்றாக வாய்க்குள் வந்தன.

"எம்புள்ள கையப் பாருடா. பாருடா டேய்."

அதற்குள் ஓனரும் எழுந்துவிட்டார். உயிர் தப்பிய தைரியம். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "என் வூட்டுல கரண்டு வுட்டு என்னைக் கொல்லப் பாத்தியாடா" என்று விலாவில் மிதித்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கழுத்தில் கத்தி வைத்தவரும் அதற்குக் கீழே கிடந்தவரும் இப்போது ஒரே பக்கம் நின்று என்னை மிதித்தார்கள். மிதி போதாது என்று ஓனர் குனிந்து என் பையில் கை விட்டார். உள்ளே கனமான பைப் ரிஞ்ச் இருப்பது அவருக்குத் தெரியும். அதன்மேல் துணி, துணிக்குக் கீழே ராடு.

நான் பையை இழுத்து வயிற்றுக்கு அடியில் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். ராடின் ஈரம் சட்டையில் ஏறியது. முதுகில் எத்தனை விழுந்தது என்று தெரியாது. யாரோ ஒரு ஆள் சிரித்துக்கொண்டே சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "பாருய்யா, உசுரு போவும்போதும் சாமான உட மாட்றான்."

பக்கத்துவீட்டு அம்மாதான் நடுவில் விழுந்து நிறுத்தினாள். "புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவாம இன்னா பண்ணிகினு இருக்கீங்க" என்று மலைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பைப்பில் கட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். என்னை அவள் நேராகப் பார்க்கவில்லை.

போலீஸ் வந்தது. தகர ஷீட் கிழித்துவிட்டது என்று ஓனர் தன் கையைக் காட்டினார். கேஸ் என்று போனால் ஒரே மீட்டரில் இத்தனை வீடு ஓடுவது கரண்ட் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். அதனால் யார்மேலும் கேஸ் ஆகவில்லை. மலைக்காரர் உளுந்தூர்பேட்டை ரோட்டுப் பக்கம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். குழாயில் கரண்ட் விட்டவன் என்று எனக்குப் பெயர் ஆனது. லைன் வீட்டு வேலைகள் போய்விட்டன. எலும்பு கூடியது, ஆனால் கை தோளுக்கு மேலே ஏறவில்லை. சீலிங் ஃபேன் மாட்ட முடியாது. மேஜைமேல் வைத்துப் பார்க்கிற சாமான்கள் மட்டும் என்று சின்னதாக ஒரு கடை போட்டேன்.

கோடை வந்தபோது ஒருநாள் கடை வாசலில் மலைக்காரர் நின்றார். தோளில் அந்த டேபிள் ஃபேன். எனக்குப் பல் இல்லாத ஈறு கூசியது.

"உங்கிட்ட குடுக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றார். "அவதான் அந்த ஆளுகிட்டயே குடுன்னு ஒத்தக்கால்ல நின்னா. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

ஃபேனை மேஜையில் வைத்தார். நான் முதலில் கூண்டைத்தான் பார்த்தேன். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் பழைய நசுங்கலை நிமிர்த்திய தடங்கள் இருந்தன, புதுசாக ஒன்றும் இல்லை. றெக்கையைச் சுற்றிவிட்டேன். மோட்டார் தண்டு சுழல்கிற புஷ் காய்ந்து இறுகியிருந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடி ஓடித் தேய்ந்தது.

"கூண்டுல இன்னாத்த பாக்கற? ஓட மாட்டேங்குது, அதப் பாரு" என்றார்.

"புள்ள கை?"

"ஆறிடுச்சு. ரெண்டு விரலு மட்டும் மடங்காது." கொஞ்ச நேரம் என் தோளைப் பார்த்தார். "இப்பவாவது வயர ஒழுங்கா போடுவியா?"

போடுவேன் என்று தலையை ஆட்டினேன்.

போன வருஷம் மலைக்காரர் மலையில் பஸ்ஸிலிருந்து விழுந்து இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது. அவர் கடைக்கு வந்த அன்றைக்குப் புஷ்ஷை மாற்றி, எண்ணெய் விட்டு, கூண்டை ஒரு துணியால் துடைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த ஃபேன் என்னிடம் வரவில்லை. அந்த வீட்டில் வேறு எது உடைந்தது, அதை யாரிடம் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.