உப்பில் வைத்த வாழைமட்டை

கன்னியம்மா அவர்கள் காலமான செய்தியை, போன செவ்வாய்க்கிழமை காலை, அனுமந்தையிலிருந்து அவர்களுடைய தங்கை போனில் சொன்னார். மூன்று நாள் காய்ச்சலாம். "அக்கா போயிட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

சுனாமிக்கு அடுத்த வருடம், மரக்காணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்காகப் பாத்திக் பட்டறை தொடங்கியது. துணியில் மெழுகு பதித்துச் சாயம் ஏற்றும் வேலை. நோட்டீஸ் எழுதுவது என் பொறுப்பு. மரக்கட்டை அச்சுக்குப் பதிலாக வாழைமட்டையைக் குறுக்கே நறுக்கி, சூடான மெழுகில் தோய்த்துக் காட்டினார் பயிற்சியாளர். பச்சை மட்டை. மெழுகு சடசடவென்று தெறித்து அவர் கையைச் சுட்டது. பதினைந்து வருடம் உப்பளத்தில் உப்பு வாரிய கன்னியம்மா எழுந்து, ஒரு தட்டில் கல்லுப்பைக் கொட்டி, மட்டையின் வெட்டுப்பக்கத்தை அதில் அழுத்தி வைத்தார்கள்.

"கொஞ்ச நேரம் உப்புல நிக்கட்டும் சார். தண்ணிய வுட்டுடும்."

பிறகு துடைத்து, மெழுகில் தோய்த்துப் பதித்தபோது மட்டையின் ஒவ்வொரு அறையும் துணியில் சுத்தமாக விழுந்தது. பிறகு வெண்டைக்காய்க்கும் பனைமட்டைக்கும் அதே வழிதான்.

கண்காட்சி நோட்டீஸில் அந்த வழி பயிற்சியாளர் பெயரில் ஏறியது. கன்னியம்மா படத்தின் கீழே, 'சுனாமியில் பாதிக்கப்பட்ட பெண்'. நிறுவனத்தின் மேலிடத்தில் சொன்னார்கள், நான் எழுதினேன். கன்னியம்மா அதை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என் மேசைக்கு வந்தார்கள்.

"எம்பேரு சுனாமியாங்க?"

"அடுத்த நோட்டீஸ்ல பேர் போட்டுடலாம்க்கா."

"போடுங்க. எம்பொண்ணு இஸ்கூல்ல காட்டணும்னு சொல்லுது."

அடுத்து மூன்று நோட்டீஸ்கள் வந்தன. மூன்றிலும் பெயரை எழுதிக் கொடுத்தேன், மூன்றிலும் மேலிடத்தில் அடித்துவிட்டார்கள். பெயரைப் போட்டால் நாளைக்கு உரிமை கேட்பார்களாம். வெட்கம் கெட்டவர்கள். வாயை மூடிக்கொண்டிருந்த நான் மட்டும் என்ன யோக்கியன்?

நேற்று பட்டறையில் இரங்கல் கூட்டம். வாசலில் மெழுகுவத்திப் படம் போட்ட ஃப்ளெக்ஸ்: 'சுனாமியை வென்ற கைவினைப் பெண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி.' உள்ளே பயிற்சியாளர் மைக்கைப் பிடித்து, "நான் கொண்டுவந்த உப்பு முறை" என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது கன்னியம்மா கண்டுபிடிச்சது" என்று எழுந்து கத்தினேன். உட்காரச் சொன்னார்கள். வெளியே வந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

வாசலில் கன்னியம்மாவின் தங்கை மாலையும் கையுமாக நின்றிருந்தார். ஃப்ளெக்ஸை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கன்னியம்மாவுக்குக் கூட்டம்னு சொன்னாங்களே சார், அது எங்க நடக்குது?"

மன்னித்துவிடுங்கள், கன்னியம்மா. போய் வாருங்கள்.