முனாப் கிளாக்கரின் கலண்டரும் ஆறு நோன்பும்

முனாப் கிளாக்கருக்கு அந்தப் பயிற்சிக் கல்லூரியில் சம்பளத்துக்கு ஒரு வேலை, சந்தோசத்துக்கு ஒரு வேலை. சம்பளத்துக்குக் கடிதம் டைப் அடிப்பார். சந்தோசத்துக்குத் திகதி குறிப்பார்.

கல்முனைக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருந்தது கல்லூரி. முஸ்லிம் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், அம்பாறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே விடுதிச் சோறு. அங்கே ஒரு விழாவுக்கு நாள் பார்ப்பது லேசான காரியமா? முனாப் வருவதற்கு முன்னால் ஒருமுறை வெள்ளிக்கிழமையில் விருந்து வைத்து, கோழிக்கறியை ஆக்கிக் குவித்துவிட்டு, பாதிப் பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் சம்பலும் கொடுத்தார்களாம். இன்னொருமுறை ஆடி அமாவாசையன்று சுற்றுலா வைக்க, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் திருக்கோவில் தீர்த்தத்துக்குப் போய்விட, பஸ் பாதி காலியாக அறுகம்பேக்குப் போய் வந்ததாம். இந்தக் கதைகளைச் சொல்லும்போது முனாப் தலையில் அடித்துக்கொள்வார். அவர் வந்து எட்டு வருசத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

எல்லாம் அந்தக் கலண்டர்தான். கல்முனைப் புடவைக்கடை ஒன்று கொடுத்த பெரிய கலண்டர். நோன்பு, பெருநாள், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் எல்லாம் பச்சைப் பென்சில். பொங்கல், அமாவாசை, வீரமுனைக் கோயில் திருவிழா சிவப்பு. அதற்கு வீரமுனையில் ஒரு வாத்தியாரிடம் சைக்கிளில் போய்ப் பஞ்சாங்கம் கேட்டு வருவார். சிங்களப் பிள்ளைகளின் பௌர்ணமிப் போயா தினங்களுக்கு நீலம். பிறை எப்போது தெரியும் என்று யாரும் கேட்டால், “அமாவாசை கழிஞ்சு ஒண்டு ரெண்டு நாள் பொறுங்க. எல்லாருக்கும் ஒரே சந்திரன்தானே” என்பார். தானே அதைக் கண்டுபிடித்தவர் போலச் சொல்வார்.

எண்பத்தோராம் ஆண்டு நோன்பு ஜூலையில் வந்தது. அந்த மாதம் மைதானத்தில் மாடுகள் மட்டும்தான் ஓடின. விளையாட்டுப் போட்டிக்கு ஓகஸ்ட் எட்டு, சனிக்கிழமை என்று முனாப் முன்கூட்டியே குறித்துக் கொடுத்தார். கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பிரதம அதிதியாக வருவதாகத் தந்தியும் வந்துவிட்டது.

பெருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை. பகல் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார் முனாப். மனைவி றுகையா ஆணம் ஊற்றினாள்.

“இஞ்ச கேளுகா,” என்றார். “வாற சனிக்கிழமை ஒரு தடங்கலும் இல்ல. அமாவாசையும் போயிட்டு, பெருநாளும் போயிட்டு, போயாவுக்கு இன்னும் ஒரு கிழமை கிடக்கு. நீயும் வா. பகல் சாப்பாடும் அங்கதான்.”

“வாறன். சாப்பாடு வேணாம். நோன்பு.”

“என்ன நோன்பு? நோன்புதான் முடிஞ்சிட்டே.”

“உங்களுக்கு முடிஞ்சிட்டு. எங்களுக்கு இண்டைக்கு ஆறு நோன்பு தொடங்கியிருக்கு. சனிக்கிழமைதான் கடைசி.”

“எங்களுக்கெண்டா ஆருக்கு?”

“ஊர்ப் பொம்புளைகளுக்கு. உங்கட கல்லூரியில படிக்கிற புள்ளைகளுக்கும்தான்.”

முனாப்பின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “இது எப்பயிருந்து?”

றுகையாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “எனக்குத் தெரிய, நான் உங்கள முடிச்ச நாளையிலிருந்து. பதின்மூணு வருசமா பெருநாள் கழிஞ்சு ஆறு நாளைக்கு நீங்க தனியத்தான் சோறு தின்னுறீங்க. ‘நீ தின்னல்லையா’ எண்டு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

கேட்கவில்லை. பாவம், மனிசனுக்கு அது நினைவிலேயே இல்லை. பெருநாளைக்கு அடுத்த நாளிலிருந்து தொடர்ச்சியாக ஆறு நாள் பெண்கள் நோன்பு பிடிப்பதும், ஆண்கள் வட்டிலப்பம் தின்று திரிவதும் அந்த ஊரில் ஆண்டாண்டு காலமாக நடக்கிற காரியம். பள்ளிவாசலைக் கேட்டார், கோயிலைக் கேட்டார், விகாரையைக் கேட்டார். தன் வீட்டு அடுப்படியை மட்டும் அவர் கேட்கவில்லை.

அடுத்த நாள் கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாக றாஹிலாவைத் தேடினார். மருதமுனையில் நெசவு வீட்டுப் பிள்ளை. நூறு மீற்றரில் அவளை முந்த ஆளில்லை.

“சனிக்கிழமை நோன்பா மகள்?”

“ஓம் சேர்.”

“அப்ப ஏன் ஒருத்தரும் என்னட்டச் சொல்லல்ல?”

“நீங்கதானே சேர் எல்லாம் பாத்து நாள் குறிக்கிற. தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்க எண்டு நினைச்சம்.”

அது முனாப்புக்கு நெஞ்சில் குத்தியது. அன்று ஒரு நாளை விட்டுவிட்டுப் பிறகு பிடித்தால் என்ன என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

“விடலாம் சேர், சுன்னத்து நோன்புதானே, கட்டாயமில்ல. ஆனா உம்மாவும் மாமியும் நானும் ஒண்டாத் தொடங்கின. ஒண்டாத்தான் முடிக்கணும். பரவாயில்ல, ஓடுவம்.”

அப்படி ஓட இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். அதுவும் ஓகஸ்ட் வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு.

அதிபர் அப்துல் ஸமட் சத்தம் போடுகிறவர் அல்ல. அதுதான் பயம். முனாப் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அதிகாரிக்கு வேற நாள் இல்ல. திகதி மாறாது. ஒரு புள்ள மயங்கி விழுந்தாலும், வாற வருசத்திலிருந்து நாள் குறிக்க ஒரு கமிட்டி போடுவன். நீங்க டைப் அடிச்சாக் காணும்.”

கமிட்டி! முனாப்புக்கு அன்று பின்னேரத் தேநீர் இறங்கவில்லை. பதவி இல்லை, படி இல்லை, அந்த வேலைக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் ஊரில் அவரைக் கண்டால், “கிளாக்கர், இந்த நாள் எப்படி?” என்று கல்யாணத்துக்கும் கேட்பார்கள், கடை திறப்புக்கும் கேட்பார்கள். அதைப் பறித்துவிட்டால் பிறகு அவர் யார்?

வீட்டுக்கு வந்து றுகையாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

“விடியமுதல் சஹருக்குச் சாப்பிட்டு, சுபஹு தொழுதுட்டு நாங்க என்ன செய்யிற எண்டு தெரியுமா? படுக்கிறல்ல. உடுப்புத் தோய்க்கிற, தண்ணி அள்ளுற, மா இடிக்கிற, எல்லாம் வெயிலுக்கு முதல் முடிச்சிடுவம். அந்த நேரந்தான் உடம்புல பெலன். புள்ளைகள அப்ப ஓட விடுங்களன்.”

 முனாப் எழும்பிச் சைக்கிளை எடுத்தார். அதிபர் வீட்டு வாசலில் போய்த்தான் சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருப்பதைக் கண்டார்.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குப் பெண்களின் போட்டி தொடங்கியது. உம்மாமாரும் மாமிமாரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்தை நிறைத்தார்கள். அந்த நேரத்தில் ஆண்களுக்கு உள்ளே இடமில்லை என்றதும், மகளை ஓட விடாத வீடுகளும் விட்டுவிட்டன. தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும், “எங்களுக்கும் இந்த நேரந்தான் நல்லம், வெயில் இல்ல” என்று கூடவே ஓடினார்கள். மைதானத்து வாசல் படலையில் காவல் முனாப். தான் நாள் குறித்த போட்டியை அவருக்கே பார்க்கக் கிடைக்கவில்லை. உள்ளே எழுந்த சத்தத்தில் றுகையாவின் குரலை மட்டும் அடையாளம் கண்டார். அவள் அப்படிக் கத்துவாள் என்று பதின்மூன்று வருசமாக அவருக்குத் தெரியாது.

எட்டு மணிக்கு றாஹிலா வெளியே வந்தாள். கழுத்தில் ரிபன் மாலை. “முதலாவது, சேர். ஒருத்தரும் விழல்ல.”

முனாப்பும் அன்று நோன்பு. பிள்ளைகளின் முன்னால் சோறு தின்ன வெட்கமாயிருந்தது என்பதுதான் உண்மை. வெயிலில் ஆண்களின் ஓட்டத்தை அறிவித்து அறிவித்து நாக்கு மரத்துப் போனது. பொழுதுபட்டு, நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்கு மைதானத்தில் பாய் விரித்து, கொழும்பு அதிகாரி முதல் சமையற்காரன் வரை எல்லாருக்கும் ஈத்தம்பழமும் கஞ்சியும் கொடுத்தார்கள். அதிகாரி மூன்று கோப்பை குடித்தார்.

அதிபர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நல்ல யோசனை, முனாப். கமிட்டி வேணாம்.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முனாப்பால் முடியவில்லை. “யோசனை என்ட இல்ல சேர். எங்கட வீட்டுக்காரிட.”

அதிபர் கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார். “அப்ப கமிட்டி உங்கட வீட்டதான் இருக்கு.”

அன்றிலிருந்து எந்த விழாவென்றாலும் அதிபர் அமாவாசையையோ பிறையையோ கேட்கவில்லை. “முனாப், வீட்ட கேட்டாச்சா?” என்று மட்டும் கேட்டார். கலண்டரில் நாவல் நிறத்தில் நாலாவது பென்சில் ஒன்று ஏறியது. அது றுகையாவின் கையெழுத்து.

அடுத்த வருசம் பெருநாளன்று பின்னேரம், முனாப்புக்கு நாளைக்குப் பகல் என்ன ஆணம் வைப்பது என்று றுகையா கேட்டாள்.

“பகலைக்கு ஒண்டும் வேணாம்,” என்றார் அவர். “சஹருக்கு எனக்கும் சேர்த்து ஆக்கு.”

ஆறு நாளும் அவர் தனியே சாப்பிடவில்லை.