காற்றின் மறுபக்கம்

உலக யுத்தம் முடிந்த மறு வருடம், தை மாதம். தூத்துக்குடியில் எங்கள் கோயில் திருவிழா. சாயங்காலம் நடக்கும் தேர்ப் பவனியை அந்த வருடம்தான் முதல் தடவையாக விடியற்காலைக்கு மாற்றியிருந்தார்கள்.

பவனிக்கு வாசிக்கும் பேண்டு செட்டுக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் தீவிர ரசிகர்கள். கோயிலுக்கு மேற்கே, தெருமுனையில், ஒரே இடத்தில் நின்றுதான் வருடாவருடம் கேட்போம். செட்டில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். டிரம்காரர் பட்டாளத்துக்குப் போனார். கார்னெட் ஊதியவர் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவன் என் மகன். இருபது வயது. முதல் பவனி. எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

தேர் கிளம்பியது. டிரம் இடிப்பது கேட்டது. கார்னெட் தேய்ந்து தேய்ந்து காணாமல் போயிற்று.

பிறகு காப்பிக் கடையில் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஆரம்பித்தார்.

“பழைய ஆளு ஊதினா பனையில இருக்க காக்கா எந்திரிக்கும். இது கொசு பாடுத மாதிரில்லா இருக்கு. நீங்க என்ன சொல்லுதிய?”

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“எனக்கும் ஒண்ணும் கேக்கலதான் அண்ணாச்சி. நாளைக்கே அதைக் கீழ வைக்கச் சொல்லுதேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசலில் அவன், கையில் கார்னெட்டோடு. காப்பி குடிக்காமலே போய்விட்டான்.

மறுநாள் விடியுமுன் அவன் படுக்கும் பாய் காலியாகக் கிடந்தது. கொழும்புத் தோணியில் வேலைக்கு ஏறப் போவதாகத் தன் தங்கையிடம் சொல்லிப் போயிருக்கிறான். துறைக்கு ஓடினேன். தோணி தூரத்தில் நங்கூரத்தில் நின்றது. ஒரு வள்ளத்தைப் பிடித்து ஏறினேன்.

துடுப்புப் போட்டவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நேத்து ஊதின பயலா? அந்தத் தோணிக்குப் பக்கத்துலதான் கெடந்தோம். ஒவ்வொரு சுரமும் தெளிவா வந்து விழுந்துது. பழைய ஆளுக்குச் சத்தம் பெருசு. இவன் ஊதுததுதான் இனிப்பு.”

“எங்களுக்குக் கேக்கவே இல்லையே?”

“எங்கன நின்னிய?”

“எப்பவும் நிக்கிற இடம். கோயிலுக்கு மேற்க.”

அவர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “சாயங்காலம்னா கடல்காத்து ஒங்ககிட்ட கொண்டு வரும். விடியக்காலம் காத்து கரையில இருந்துல்லா கடலுக்குப் போவுது. அவன் மூச்செல்லாம் எங்களுக்குத்தான் வந்துது.”

துறைமுக ஆபீசில் தினமும் காற்றின் திசையைப் பதிவேட்டில் எழுதும் குமாஸ்தா நான்.

தோணியில் பாயை ஏற்றத் தொடங்கினார்கள். எழுந்து நின்று கத்தினேன்.

“ஏலே, நான் நின்ன இடம்தான் தப்பு. எறங்கி வாலே.”

அந்தக் காற்றே என் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவன் எட்டிப் பார்த்தான். தோணியை நடத்தும் தண்டல் அவன் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். வெகுநேரம் நின்றுவிட்டுக் கயிற்றைப் பிடித்து எங்கள் வள்ளத்தில் இறங்கினான். கரை வரும்வரை எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான்.

இப்போதும் அவன் ஊதுகிறான், ஊரும் மெச்சுகிறது. ஆனால் அன்று தோணிப் பாய் சற்று முன்னதாக விரிந்திருந்தால் அவன் கொழும்புக்குப் போயிருப்பான். நாலு பேர் முன்னால் தலை கவிழாமல் இருக்க, நான் கேட்கவே கேட்காத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லி, பெற்ற பிள்ளையைக் கடலுக்கு அனுப்பப் பார்த்தேனே.