பன்னிரண்டு மணி, எட்டு நொடி

அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது சாச்சாவின் கைப்பேசியில் மணி பதினொன்று ஐம்பத்தொன்பது. எங்கு கேட்டாலும் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும்.

சாச்சா என் வாப்பாவின் தம்பி. தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, ஆள் பார்த்து இடம் கொடுத்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று பட்டறைக்காரர் சங்கம் நினைத்தது. இடம் ஒதுக்கும் வேலையை, பிளாக்செயினில் தானாக ஓடும், இடையில் யாரும் மாற்ற முடியாத ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற நிரலிடம் விட்டது. அதை எழுதிக் கொடுத்தது செம்பூரில் நான் வேலை பார்த்த அலுவலகம். கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வரும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடு என்ற வரியை எழுதியவள் நான்.

அந்தக் கான்ட்ராக்டுக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. நாம் பொத்தானை அழுத்திய நேரமும் அதற்குத் தெரியாது. வந்த விண்ணப்பங்களை ஒரு கணினி தொகுதியாகச் சேர்த்து, அதன்மேல் ஒரு நேரத்தைக் குறிக்கும். கான்ட்ராக்ட் படிப்பது அந்த நேரத்தைத்தான். அடுத்த தொகுதி உருவாகச் சில நொடிகள் பிடிக்கும். அதனால்தான், 'கடைசி நிமிடம்வரை காத்திருக்க வேண்டாம்' என்று அறிவிப்பில் சேர்க்கும்படி மேலாளர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் மறந்துபோனேன்.

அந்தக் கடைசி நாள் காலை, விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய லைசென்ஸ் படம் தெளிவாக விழவில்லை என்று சாச்சா மூன்று முறை கூப்பிட்டார். "பன்னெண்டு வரைக்கும் டைம் இருக்கு சாச்சா. சும்மா சும்மா போன் பண்ணாதீங்க," என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பேச்சை நம்பி நிதானமாகப் படம் எடுத்தார். அவருடைய விண்ணப்பம் ஏறிய தொகுதியின் நேரம் பன்னிரண்டு மணி எட்டு நொடி. கான்ட்ராக்ட் தள்ளிவிட்டது.

சங்கக் கூட்டத்தில் செயலாளர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். "ஒங்க பக்கம் ஏதும் தப்பு இருந்தா சொல்லுங்கம்மா, மறுபடி அப்ளிகேஷன் வாங்கிருவோம்."

பக்கத்தில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"இல்ல. அவங்க அனுப்புனதுதான் லேட்," என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சாச்சா எழுந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "எங்க புள்ள படிச்சவ. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இப்போது அவர் மும்பைக்கு வெளியே கல்யாணில் வேறொருவருடைய பட்டறையில் கூலிக்குத் தைக்கிறார். போன பெருநாளுக்குப் பார்க்கப் போயிருந்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நாந்தான் லேட் பண்ணி ஒன்னய நாலு பேர் முன்னால நிக்க வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா," என்றார்.

"பரவாயில்ல சாச்சா," என்றேன் நான்.