ஏழாவது பேட்ச்

கப்பலை விட்டு இறங்கிப் பதினொரு வருடமாகியும் அவரை எல்லோரும் போசன் என்றுதான் கூப்பிட்டார்கள். கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்கிறவர்களின் தலைவனுக்கு அந்தப் பெயர். மளிகைக் கடைக்காரர்கூட, "என்ன போசன், இன்னிக்கு லீவா?" என்பார். முழங்கால் இரண்டும் தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனபோது, தனியார் மாலுமிப் பயிற்சி நிலையம் ஒன்றில் தீயணைப்புப் பயிற்றுநர் வேலை கிடைத்தது. அரசின் கப்பல் துறை அங்கீகரித்த பயிற்றுநர் என்று படம் ஒட்டிய அட்டையும் வந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கடைக்குப் போய்விடுவார். "ஏங்க, காய்கறிக்காரன் அட்டையைக் காட்டச் சொன்னானா?" என்று மனைவி சிரிப்பாள்.

தீயணைப்பு வகுப்பு மூன்று நாள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் சமையல்காரன்கூடக் கப்பலில் கால் வைக்க முடியாது. மூன்றாம் நாள்தான் முக்கியமான நாள். பழைய கன்டெய்னர் இரண்டைச் சேர்த்து வெல்டிங் செய்து, உள்ளே பலகைகளால் சந்துகள் அமைத்து, புகை போட்டு வைத்திருப்பார்கள். பயிற்சிக்கு வந்தவன் முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்குமாக உள்ளே தவழ்ந்து போய், மணல் அடைத்த பொம்மையைத் தேடி இழுத்து வரவேண்டும். சிலிண்டரில் காற்று தீரப் பத்து நிமிடம் இருக்கும்போது மாஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு விசில் தானாக ஊதும். மண்டையைத் துளைக்கிற சத்தம். ஊதினால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். முதல் தடவை கேட்கிறவன் எவனும் அது தன்னுடைய விசில் என்று நினைப்பதில்லை. யாரோ ஊதுகிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்ப்பான். அதனால்தான் ஒவ்வொருவரும் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டிருக்க வேண்டும் என்றது விதி. கேட்டாயிற்று என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் போசன் கையெழுத்துப் போடவேண்டும்.

ஆறு வருடம் அப்படித்தான் நடந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில், சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரசர் நின்றுபோனது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். இருந்த காற்றை வைத்து ஒரு பேட்ச் ஓடியது. மறு வாரம் போசன் நிலையத்தின் முதல்வரிடம் போனார். முதல்வர் பெரிய கப்பல்களை ஓட்டிய கேப்டன். மேசைமேல் கடல் வரைபடத்தைப் பரப்பிவைத்துக்கொண்டு அதன் மேலேயே சாப்பிடுகிறவர்.

"சார், கம்ப்ரசர் வர்றவரைக்கும் வகுப்பை நிறுத்திடலாம்."

"நிறுத்திட்டா? வெளியே இருபத்துநாலு பேர் நிக்கிறான். அதுல பாதிப் பேர் அடுத்த வாரம் கப்பல் ஏறணும். சான்றிதழ் இல்லேன்னா அந்த இடம் வேறொருத்தனுக்குப் போயிடும். நீயே போய்ச் சொல்றியா?"

போசன் வெளியே எட்டிப் பார்த்தார். தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களில் தன் இருபத்தைந்து வயதையே பார்த்ததுபோல இருந்தது. அப்படி ஒரு வாசலில் அவரும் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தவர்தான்.

"ஒரு வாரம்தான் போசன். காலி சிலிண்டரை மாட்டி அனுப்பு. விஷயத்தை வாயால சொல்லிக்கொடு. அவனுங்க என்ன சின்னப் பிள்ளைங்களா?"

ஒரு வாரம் பதினொரு வாரமானது. காற்றில்லாத சிலிண்டரை முதுகில் கட்டி, குழாயைப் பொருத்தாமல் விட்ட மாஸ்க்கின் கண்ணாடிமேல் கறுப்புத் துணியைச் சுற்றி, புகையில்லாத கன்டெய்னருக்குள் இருநூற்று ஐம்பத்தெட்டுப் பேர் தவழ்ந்து போய் வந்தார்கள். நடுவில் ஒருநாள் கப்பல் துறையிலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வருகிற ஆய்வு. முந்தின நாள் வேறொரு இடத்திலிருந்து ஆறு நிரப்பிய சிலிண்டர்கள் வேனில் வந்தன. ஆய்வு முடிந்த மறுநாள் அதே வேனில் போயின. முதல் வாரம் கையெழுத்துப் போட்டபோது போசனின் பேனா கொஞ்சம் தயங்கியது. நாலாவது வாரத்தில் எந்தத் தயக்கமும் இல்லை. பன்னிரண்டாம் வாரம் புது கம்ப்ரசர் வந்து, எல்லாம் பழையபடி சரியானதும், அவர் அதை மறந்தே போனார்.

ஒன்றரை வருடம் கழித்து, துறையிலிருந்து எல்லாப் பயிற்சி நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் தீ. உள்ளே சிக்கியவரைத் தேடி, காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு இருவர் போயிருக்கிறார்கள்: இரண்டாம் இன்ஜினீயரும் எஞ்சின் அறை ஊழியர் ஒருவரும். எச்சரிக்கை விசில் ஊதியதும் இன்ஜினீயர் திரும்பிவிட்டார். ஊழியர் திரும்பவில்லை. கதவிலிருந்து ஒன்பது மீட்டரில் உடல் கிடைத்தது. 'எச்சரிக்கையை அலட்சியம் செய்ததே மரணத்துக்குக் காரணம்' என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. இதை எல்லா வகுப்புகளிலும் படித்துக் காட்ட வேண்டும் என்பது உத்தரவு.

போசன் படித்துக் காட்டினார். பின் வரிசையிலிருந்து ஒருவன், "விசில் கேட்டும் உள்ளே போயிருக்கான் பாருங்க சார். என்ன அவசரமோ!" என்றான். வகுப்பு சிரித்தது. போசனும் லேசாகச் சிரித்துவிட்டார்.

மதியம் வகுப்பில் யாருமில்லாதபோது மீதிப் பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் இறந்தவரின் சான்றிதழ் எண்ணும் தேதியும் இருந்தன. தேதி அந்த மழைக்காலத்தினுடையது. அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். மழைக்காலத்தின் ஏழாவது பேட்ச். பதினாறாவது பெயர். நேராக அவருடைய கையெழுத்து.

ஆள் யாரென்று உடனே தெரிந்துவிட்டது. நெட்டை! கன்டெய்னர் வாசலில் நெற்றியை முட்டிக்கொண்டு, "சார், இதைக் கட்டினவங்க குள்ளமா இருந்திருப்பாங்க போல" என்றவன். அந்த மூன்று நாளும் அவனுக்கு நெட்டை என்றே பெயர்.

அதற்குக் கீழே இன்ஜினீயரின் வாக்குமூலம். 'விசில் ஊதியதும் அவர் தோளைத் தட்டினேன். அவர் என் முகத்துக்கு அருகில் வந்து, "அது என்ன சத்தம்?" என்று கேட்டதுபோல இருந்தது. மாஸ்க் போட்டிருந்ததால் சரியாகப் புரியவில்லை. என் பின்னால் வருகிறார் என்று நினைத்தேன்.'

விசாரித்தவர்கள் அந்த வரியைக் கடந்து போய்விட்டார்கள். விதிப்படி பயிற்சி பெற்றவன், சான்றிதழ் சரியாக இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. அப்படிப்பட்டவன் அது விசில் என்றே தெரியாமல்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான் என்று யாருக்குத் தோன்றும்? அந்த வரியின் அர்த்தம் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு விசிலைப் பற்றி வாயாலாவது சொன்னோமா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஏழாவது பேட்சின்போது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. சான்றிதழுக்குப் புகைப்படம் எடுக்க வந்தவர் அவசரப்படுத்தினார். சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் விட்டிருக்கலாம்.

முதல்வர் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். அதை வரைபடத்தின்மேல் கவிழ்த்து வைத்தார். கடைசியில், "இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார்.

"அந்தப் பேட்ச்ல இருபத்துமூணு பேருக்குத் தெரியும் சார்."

"தெரிஞ்சு? தன் சான்றிதழ் செல்லாதுன்னு எவனாவது வந்து சொல்லுவானா? இப்ப எல்லாம் ஒழுங்கா நடக்குது. இனிமே தப்பு நடக்காது. அதோட விடு."

"மீதி இருநூத்தம்பத்தேழு பேரு கடல்ல இருக்கான் சார். அவனுங்களுக்கும் அந்தச் சத்தம் தெரியாது."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் மச்சினன் எந்தப் பேட்ச்?" என்று கேட்டார்.

ஒன்பதாவது. மனைவியின் தம்பி, இவர்கள் வீட்டிலேயே வளர்ந்தவன். போசனே கையைப் பிடித்து அழைத்துவந்து சேர்த்தார். இப்போது ஒரு எண்ணெய்க் கப்பலில் இருந்தான். இன்னும் மூன்று மாதத்தில் பதவி உயர்வு.

மனைவியிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். "அவன் பேரும் அதுல வருமா?" என்றாள்.

"வரும்."

"அவன் ஒருத்தனை மட்டும் விட்டுட்டு சொல்ல முடியாதாங்க?"

"ஒரு பேரை மறைச்சா நான் சொல்றது மொத்தமும் பொய்யாயிடும். அதோட, அவனுக்கும்தான் தெரியாது. நாளைக்கு அவன் கப்பல்ல தீப்பிடிச்சா?"

"அவன்கிட்ட மட்டும் போன்ல சொல்லிடுங்க. ஊருக்கெல்லாம் நீங்க ஏன் தலையைக் கொடுக்கறீங்க?"

அவள் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். இரண்டு நாள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவள் தடுக்கவும் இல்லை, வாசல்வரை வரவும் இல்லை.

கப்பல் துறை அலுவலகத்தில் டோக்கன் எடுத்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். கவுன்ட்டரில் இருந்தவர், "புகாரா? சான்றிதழ் புதுப்பிக்கவா?" என்று கேட்டார். "என் மேலேயே புகார்" என்றார் போசன். கவுன்ட்டர்காரர் கிண்டல் என்று நினைத்து முறைத்துவிட்டு, அடுத்த அறையைக் கையால் காட்டினார்.

அறையில் இருந்த பெண் அதிகாரியைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு ஆய்வுக்கு வந்தவர். போசன் சொன்னதை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நடுவில் ஒருமுறை எழுந்துபோய் ஒரு கோப்பை எடுத்துவந்து தேதி பார்த்தார். பிறகு வெள்ளைத் தாளை நகர்த்திவைத்தார்.

"உங்க கையாலேயே எழுதுங்க. எழுதினா உங்க அங்கீகாரம் போயிடும். வழக்கும் வரும். புரியுதா?"

"புரியுதும்மா."

போசன் எழுதத் தொடங்கினார். ஆய்வு நடந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீங்க வந்ததை..."

அதிகாரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆறு சிலிண்டரோட அளவுமானியையும் பார்த்தேன். எல்லாம் நிறைஞ்சிருந்துது. கம்ப்ரசரைப் போட்டுக் காட்டுங்கன்னு கேட்கலை" என்றார். கொஞ்சம் கழித்து, "அதையும் எழுதுங்க" என்றார்.

ஒரு மாதத்துக்குள் பயிற்சி நிலையத்தின் வாசலில் முத்திரை வைக்கப்பட்டது. இருநூற்று ஐம்பத்தேழு சான்றிதழ்கள் நிறுத்திவைக்கப்பட்டன. கப்பலில் இருந்தவர்களை அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிட உத்தரவு போனது. மறுபடி மூன்று நாள் வகுப்பு முடித்தால் போதும். ஆனால் மற்ற நிலையங்கள் எல்லாவற்றிலும் நாலு மாதத்துக்கு இடமில்லை. அதற்குள் அவர்களின் இடங்களில் வேறு ஆட்கள் ஏறிவிட்டார்கள்.

போசனின் போன் ஓயவில்லை. சிலர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஒருவன் அழுதான். நடுத்தர வயதுச் சமையல்காரர் ஒருவர் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கே வந்து, சான்றிதழை நீட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டார்.

"என் கையெழுத்துதான்."

"அப்ப நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க."

சமையல்காரர் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தார். தண்ணீர் கொடுத்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சினன் ஒரு மாலையில் பெட்டியோடு வந்து இறங்கினான். அக்காவிடம் பேசினான், சாப்பிட்டான். இவர் கூடத்துக்கு வந்ததும் எழுந்து உள்ளே போனான். நாலாம் நாள் அவனே வந்து எதிரில் நின்றான்.

"என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே மாமா. லீவு போட்டு நானே வந்து வகுப்பை முடிச்சிருப்பேன். எல்லார் முன்னாடியும் பெட்டியோட ஏணியில இறக்கிவிட்டாங்க, திருடனை இறக்கற மாதிரி."

"சொல்லியிருந்தா, மத்தவனுக்குச் சொல்லாம உனக்கு மட்டும் சொன்னதாயிடும்டா."

"ஆகட்டுமே. நான் உங்க வீட்டுப் பையன்தானே?"

மறுநாள் அவன் நண்பன் ஒருவனின் அறைக்குக் குடிபோனான். அவன் பையை அக்காதான் தெருமுனைவரை தூக்கிக்கொண்டு போனாள்.

ஐந்து மாதம் கழித்துத் திருத்திய அறிக்கை வந்தது. போசன் அதன் நகலை எடுத்துக்கொண்டு நெட்டையின் வீட்டைத் தேடிப் போனார். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அவன் மனைவி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்தன. தான் யார் என்பதை வாசலிலேயே சொன்னார். அவள் மிஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டிருந்த ஓரம் முடிந்ததும்தான் நிமிர்ந்தாள்.

"உள்ளே வாங்க."

அறிக்கையைக் கொடுத்தார். 'அலட்சியம்' என்ற சொல் நீக்கப்பட்டிருந்தது. 'இறந்தவர் உரிய பயிற்சி பெறாததால் எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளும் திறன் அவருக்கு இல்லை' என்று போட்டிருந்தார்கள். அவள் விரலை வைத்துப் படித்தாள்.

"முதல்ல அலட்சியம் பண்ணினார்னு எழுதினாங்க. இப்ப புரிஞ்சுக்கற திறன் இல்லாதவர்னு எழுதியிருக்காங்க" என்றாள். "ஒருத்தரைக் காப்பாத்தப் போனார்னு எங்கயும் எழுதமாட்டாங்களா?"

போசன் தாளைத் திரும்ப வாங்கி முழுக்கத் தேடினார். இல்லைதான். இரண்டு அறிக்கையிலும் 'தேடுதல் பணியில் ஈடுபட்டிருந்தபோது' என்று மட்டும் இருந்தது.

"அந்த மூணு நாள்ல அவருக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தீங்க?"

"குழாயைப் பிடிக்க. பொம்மையைத் தூக்க. புகையில சுவரைத் தொட்டுக்கிட்டே நகர..."

அவள் ஒரு சீருடையை எடுத்துக் காலர் மடித்தாள். "நீங்க வந்து சொன்னீங்க, சரி. நல்லதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. பிள்ளை ஸ்கூல்லேர்ந்து வர்ற நேரம். நீங்க கிளம்புங்க" என்றாள்.

போசனின் அங்கீகாரம் ஆயுளுக்கும் ரத்தானது. பெண் அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள்; ஆய்வுக்குத் தேதி சொல்லாமல் போகவேண்டும் என்று புது விதி வந்தது. மச்சினன் வகுப்பை முடித்து, முன்பைவிடச் சின்னக் கப்பல் ஒன்றில், பழைய பதவியிலேயே ஏறினான். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். "அவர் எப்படியிருக்கார்?" என்று கேட்டதில்லை, கேட்டால் சொல்வதற்கு அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

போசன் இப்போது ஒரு கிடங்கில் லாரிகளின் எண்களைக் குறிக்கிறார். வழக்கு நடக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றத் தாழ்வாரத்தில், ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் அவரும் முதல்வரும் உட்கார்ந்திருப்பார்கள். பேசிக்கொள்வதில்லை. சென்ற வாய்தாவில் மட்டும் முதல்வர் இந்தப் பக்கம் திரும்பி, "நம்மளைக் கூப்பிட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை சார்" என்றார் போசன்.