கவர்மெண்ட் மாடு

நான் பத்தாவது பாஸ் செய்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு சீமைப் பசு வந்தது. ஏழைகள் முன்னேற அரசாங்கம் கொடுத்த மாடு. காதில் அரசாங்க நம்பர் போட்ட வில்லை மாட்டியிருந்தது. விற்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். தொலைந்தால் ஜெயில் என்று அப்பா புரிந்துகொண்டார். ஊரும் அப்படியே நம்பியது. நான் நம்பவில்லை.

அப்பா வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா நடவுக்குப் போவாள். மாட்டுக்கு நான். ஏரி வற்றினால் எங்கள் பக்கம் புல்லுக்குப் பேயாய் அலைய வேண்டும். ஒரே கன்றோடு பால் நின்றது. அப்புறம் சினையே பிடிக்கவில்லை. தின்பது மட்டும் குறையவில்லை, சனியன்.

அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு புதுக் கம்பெனியில் பத்தாவது படித்த பெண்களை எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. மாட்டை யார் பார்ப்பது என்றார் அப்பா. டீக்கடையிலோ, மாடு கொடுத்தும் முன்னேறத் துப்பில்லாத குடும்பம் என்று எங்களைப் பேசினார்கள்.

மாட்டைப் பார்வையிட வந்த அதிகாரியும், அரசாங்கம் தன் வேலையைச் செய்துவிட்டது, இனி உங்கள் உழைப்புதான் என்றார். என் வாய் சும்மா இருக்காது.

"ஒழைக்கத்தான் சார் போறேன்னு சொல்றேன். இத நீங்களே ஓட்டிக்கினு போயிடுங்க."

"குடுக்கத்தாம்மா எனக்கு ஆர்டர். திருப்பி வாங்க இல்ல," என்றார். பாவம், கேலியாகச் சொல்லவில்லை.

ஆள் எடுக்கும் நாள் வந்தது. மாட்டைக் கட்டிவிட்டுப் போகலாம். வேலை கிடைத்தாலும் மறுநாள் அது அங்கேயேதான் நிற்கும். அப்பாவும் அம்மாவும் கிளம்பியதும் அவிழ்த்து ஏரிப் பக்கம் விரட்டினேன். எங்கேயாவது ஒழி என்றேன். அம்மாவின் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ஒரகடம் கூட்ரோட்டில் நின்றேன்.

பஸ் வருவது தெரிந்தது. பின்னாலேயே பக்கத்து வீட்டு அண்ணன் மூச்சிரைக்க மாட்டை இழுத்துக்கொண்டு வந்தார். வேறு மாடாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"நல்ல வேள, வில்லையப் பாத்தேன். இல்லன்னா உங்கப்பன உள்ள வெச்சிருப்பாங்க," என்று கயிற்றை என் கையில் திணித்துவிட்டு, கரண்ட் போவதற்குள் தண்ணீர் பாய்ச்ச ஓடினார்.

ஜெயில் கதையை நம்பாதவள்தான் நான். ஆனாலும் கயிற்றை விடக் கை வரவில்லை.

பஸ் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். ஏறுகிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. விசில் ஊதினார்.