பிளாஸ்திரி ஒட்டிய வண்டி

கட்டு சிஸ்டருக்கும் நாற்காலிக்கும் ஆகவே ஆகாது. உட்கார்ந்த ஒரு நிமிடத்தில் கால் ஆடத் தொடங்கும். இரண்டாம் நிமிடத்தில் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாள், திறந்த ஜன்னலைச் சாத்துவாள். கல்யாணமான புதிதில் அவள் கணவர் இதைக் கோபம் என்று நினைத்து நடுங்கிப்போனார். அவர் தையற்காரர், காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் வெயில் தாழும்வரை எழுந்திருக்காத மனிதர். இருபது வருஷத்தில் பழகிவிட்டது. "எனக்கும் சேர்த்து அவ நடக்குறா, அவளுக்கும் சேர்த்து நான் உட்கார்றேன்" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

வேலையும் அவளுக்குத் தோதாக வாய்த்தது. படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டு மாற்றும் வேலை. அதனால்தான் ஊருக்கு அவள் 'கட்டு சிஸ்டர்'. ஆஸ்பத்திரியில் காலையில் ஒரு சீட்டு தருவார்கள். அதில் பதினாறு வீடு. மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பை. ஒன்றில் பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்திரி, முதுகில் போடும் பவுடர். இன்னொன்றில் கையுறை, கத்தரி, மருந்து. ஒரு வீட்டில் பத்து நிமிடம், அடுத்த வீட்டுக்குக் காற்று முகத்தில் அடிக்க ஐந்து நிமிடம். இதற்காகவே பிறந்தவள்போலப் பறந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர்களுக்கு அவளைக் கண்டால் பயம். கட்டுப் போட்டதும் பிளாஸ்திரியின்மேல் பேனாவால் தேதி எழுதுவாள். "மூணு நாளைக்கு இதை யாரும் தொடக்கூடாது. பிரிச்சுப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சுடும்" என்பாள். அப்படியும் யாராவது பிரித்திருந்தால் தெரு முழுக்கக் கேட்கும். "ஆறுதா ஆறுதான்னு தொட்டுக்கிட்டே இருந்தா எப்படிங்க ஆறும்? உங்க பயத்துக்குப் புண்ணு என்ன பண்ணும்?" இந்த வாய்க்குத் தப்பியவர்கள் அந்த ஊரில் குறைவு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் வண்டிக்கு அடியில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. தொட்டு முகர்ந்தாள். ஆயில். ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, ஆயிலை வடிப்பதற்காக இருக்கிற அடிபோல்ட்டின் வாஷர் தேய்ந்துவிட்டது என்று புதிதாக மாற்றித் தந்தார். ஒழுக்கு அன்றோடு நின்றது. நம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவளால் நம்ப முடியவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. முன்பு ஒரு தடவை ஆயில் வற்றிப்போய் இன்ஜின் நடுரோட்டில் இறுகி நின்றுவிட்டது. சீட்டில் அடுத்து இருந்த வீட்டுப் பெரியவர் நனைந்த கட்டோடு இரண்டு மணி நேரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் போய்ச் சேர்ந்தபோது ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வந்துட்டியாம்மா" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தாலாவது அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

அதனால் தினமும் காலையில், புறப்படுகிற அவசரத்திலேயே, சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டியின் ஆயில் மூடியைத் திருகி எடுப்பாள். அந்த மூடியோடு சேர்ந்தே அளவு பார்க்கிற கம்பி இருக்கும். துடைத்து, விட்டு, எடுத்துப் பார்ப்பாள். ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்திருக்கும். கையுறைப் பையில் புதிதாகக் குடியேறிய ஆயில் பாட்டிலைச் சாய்த்து ஒரு மடக்கு ஊற்றுவாள். மூன்றாவது வாரம் வண்டி மறுபடி ஒழுக ஆரம்பித்தது. அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

ஒரு மெக்கானிக் கியர் பக்கத்தில் ஆயில் கசியாமல் தடுக்கிற சீல் வளையத்தை மாற்றினார். ஒழுகியது. இன்னொருவர் கவரைக் கழற்றிப் புது பேக்கிங் போட்டார். அப்போதும் ஒழுகியது. கடைசியில் ஒரு குடியிருப்பின் பளபளக்கும் வாசல் தரையில் நாலு சொட்டு விழுந்து, அங்கிருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கே கடிதம் எழுதிவிட்டார்கள்.

சனிக்கிழமை மேலதிகாரி கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கடிதம் வந்தால் பதில் எழுதியாக வேண்டிய மனிதர்.

"சிஸ்டர், திங்கக்கிழமை எட்டு மணிக்கு உங்க வண்டிக்கு அடியில பேப்பர் விரிக்கப் போறேன். அரை மணி நேரம். ஒரு சொட்டு விழுந்தாலும் உங்களை உள்ள மேஜைக்கு மாத்திடுவேன். வெளி வேலைக்கு வேற ஆள் போட்டுக்கிறேன்."

"மேஜைன்னா?"

"உட்கார்ந்து பார்க்குற வேலைதான். எட்டு மணி நேரம், ஃபேன் காத்து. எல்லாரும் ஏங்குற இடம்மா அது."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மேஜைக்குப் பின்னாலிருந்த பச்சை நாற்காலியைப் பார்த்தாள். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே, காலை நீட்டக்கூட வழியில்லாமல் கிடந்தது. பதினாறு வீட்டையும் வேறொருத்தி சுற்றுவாள். அந்த நாற்காலியில் தான் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மீதி இருந்தது ஒரே ஒரு மெக்கானிக். பாலத்துக்கு அடியில் பட்டறை வைத்திருந்தவர். ஊரில் அவர் பெயர் 'நிதானம்'. ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துடைத்து, பார்த்து, கிண்ணத்தில் வைத்து, வைத்த கிண்ணத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்த நட்டுக்குப் போவார். அவசரக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் அன்றைக்கே அவள் போனாள். போன வருஷம் அவர் மனைவியின் காலில் ஆறாத புண்ணுக்கு நாலு மாதம் கட்டு மாற்றியவள் அவள்தான்.

"வாங்க சிஸ்டர். வீட்டுல இப்ப நல்லா நடக்குறாங்க. உட்காருங்க" என்று டயர் அடுக்கைக் காட்டினார்.

"உட்கார நேரமில்லண்ணே. எங்க ஒழுகுதுன்னு சொல்லுங்க."

"அதை வண்டிதான் சொல்லணும்."

இன்ஜினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார். துணியால் துடைத்தார். துடைத்த இடத்தை இன்னொரு துணியால் துடைத்தார். அவள் பட்டறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். தொங்கிய ஸ்பேனர்களை எண்ணினாள், பதினொன்று. திரும்பி வரும்போதும் பதினொன்றுதான்.

"பவுடர் இருக்கா சிஸ்டர்?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். குழந்தையைக் குளிப்பாட்டி வெளியே அனுப்புகிற மாதிரி இன்ஜின் முழுக்கப் பவுடர் அடித்து, வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டார். "இருபது நிமிஷம்" என்றார்.

"இருபதா!"

"ஈரம் எங்கேயிருந்து வருதோ அங்க பவுடர் கறுக்கும். முன்னாடி பார்த்தவங்க சொட்டுற இடத்தைப் பார்த்துருக்காங்க. கிளம்புற இடத்தைப் பார்க்கல."

இருபது நிமிடத்தில் அவள் நகம் ஐந்து விரலில் காணாமல் போனது. அப்புறம் ஒரு கறுப்புக் கோடு மெல்லத் தெரிந்தது. கீழேயிருந்து இல்லை. மேலே, காற்று வடிகட்டிப் பெட்டியின் அடிக்குழாயிலிருந்து சட்டத்தைப் பிடித்து இறங்கி, இன்ஜினின் முதுகில் வழிந்து, கியர் பக்கம் வந்து தொங்கியது. அவர் அந்தப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆயில் தேங்கிக் கிடந்தது.

"சீலும் நல்லாருக்கு, பேக்கிங்கும் நல்லாருக்கு. இன்ஜின் மூச்சு விடுற குழாய் வழியா ஆயிலைக் கக்குது. வயிறு முட்டினா கக்கத்தானே செய்யும். ஆயில் யாரு ஊத்துறது?"

"நான்தான். அளவு பார்த்துத்தான் ஊத்துறேன், தினமும். குறைஞ்சுக்கிட்டே இருக்கு."

"எப்படிப் பார்க்குறீங்க? இன்ஜின் ஆறட்டும், காட்டுங்க."

வண்டி ஆறியதும் அவள் அதைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்தாள். மூடியைத் திருகினாள். துடைத்தாள், விட்டாள், எடுத்தாள். கீழ்க்கோடு. "பார்த்தீங்களா?" என்றாள், வழக்கில் ஜெயித்தவள் மாதிரி.

அவர் கம்பியை வாங்கித் துடைத்து மூடினார். வண்டியைப் பிடித்துத் தூக்கிச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தினார். கொஞ்ச நேரம் விட்டார். அதே கம்பியைத் துடைத்து விட்டு எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். மேல்கோட்டையும் தாண்டி விரற்கடை உயரத்துக்கு ஆயில் ஏறியிருந்தது.

"வண்டி இடப்பக்கம் சாஞ்சா ஆயிலும் அங்க போயிடும். கம்பி இருக்குறது வலப்பக்கம். குறைச்சலாத்தான் காட்டும்."

அடிபோல்ட்டைக் கழற்றினார். அந்த இன்ஜினுக்கு ஒரு லிட்டர்தான். ஒரு லிட்டர் பாட்டில் நிறைந்தது. அப்புறமும் வந்தது. இரண்டாவது பாட்டிலும் பாதிக்குமேல் ஏறியது. அவள் இடுப்பில் கைவைத்தபடி, முகம் சிவந்து நின்றாள். இரண்டு மாதமாகத் தன் கையாலேயே ஒழுக்கை ஊற்றி வளர்த்திருக்கிறாள்.

"சொல்லுங்கண்ணே. நல்லாத் திட்டுங்க."

"எனக்குத் திட்டத் தெரியாது. நீங்க எங்க வீட்டு வாசல்ல நின்னு என்னைத் திட்டினீங்களே, அது மட்டும் மனப்பாடமா இருக்கு." ஆயிலை அளந்து ஊற்றிக்கொண்டே, கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். "ஆறுதா ஆறுதான்னு தொட்டுக்கிட்டே இருந்தா எப்படிங்க ஆறும்?"

அவள் பையைத் திறந்தாள், திறந்த பையை மூடினாள்.

பெட்டியைச் சுத்தமாகத் துடைத்து மாட்டினார். பிறகு கையை நீட்டினார். "பிளாஸ்திரி கொடுங்க." ஆயில் மூடியின் குறுக்கே ஒரு துண்டை ஒட்டி, பேனா வாங்கித் தேதி எழுதினார். "ரெண்டு வாரம். பிரிச்சா எனக்குத் தெரிஞ்சுடும். அந்த ஆயில் பாட்டில் இங்கயே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை நகரவே மாட்டேன் என்றது. காலையிலிருந்து வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள், தரை காய்ந்திருந்தது. காய்ந்திருப்பதே அவளைப் பயமுறுத்தியது. உள்ளே ஆயில் இருக்கிறதா, இல்லை எல்லாவற்றையும் அந்த மனிதர் வடித்துவிட்டாரா? மதியத்துக்குள் விரல் பிளாஸ்திரிக்குப் போய்விட்டது. ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பினாள்.

"என்ன பண்ற?" உள்ளேயிருந்து தையற்காரர், தலையைத் தூக்காமல்.

"ஒண்ணுமில்ல." அழுத்தி ஒட்டினாள். ஓரம் ஒட்டவில்லை, சுருண்டுகொண்டது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேலதிகாரி பேப்பரை விரித்தார். "உள்ள வந்து உட்காருங்க சிஸ்டர்." காலியாக இருந்தது அந்தப் பச்சை நாற்காலி ஒன்றுதான். உட்கார்ந்தாள். கால் ஆடியது, மேஜை ஆடியது, மேஜைமேல் இருந்த பேனாக்கள் உருண்டன. மேலதிகாரி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தார். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் வந்ததில்லை. எட்டரைக்கு அவர் வெளியே போனார். திரும்பி வந்தபோது பேப்பரை இரண்டு பக்கமும் புரட்டிக் காட்டினார். நேற்றைய செய்திகளைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"சீட்டை எடுத்துக்குங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி காலி.

முதல் வீடு மாடியில். படுத்திருந்த தகப்பனாருக்கு இடுப்பில் புண். பார்த்துக்கொள்வது அவருடைய மகள். பள்ளிக்கூட ஆசிரியை, அதற்காகவே விடுப்பில் இருப்பவள். கட்டு சிஸ்டர் போர்வையை விலக்கினாள். வெள்ளிக்கிழமை தேதி எழுதிய பிளாஸ்திரியின் ஓரம் சுருண்டிருந்தது. மறுபடி அழுத்தி ஒட்டிய விரல் தடமும் தெரிந்தது.

மகள் சுவரோடு ஒட்டி நின்றாள். "சிஸ்டர்... முழுசாப் பிரிக்கல. ஓரத்தை மட்டும்தான்... அப்பா ராத்திரி முனகினாரு, அதான்..." கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தாள்.

திட்டு வாய்வரை வந்தது. கட்டு சிஸ்டர் அதை விழுங்கினாள். கட்டிலருகே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"தெரியும்மா" என்றாள். "ஓரத்தை மட்டும்தான் பிரிச்சிருப்பே. வா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்."